தேம்ஸ் நதியில் நின்ற போட்டி

ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் சுண்டன் வள்ளங்கள் பாய்வதைக் கண்ட நேயர்களுக்கு, படகுப் போட்டி ஓர் ஊரின் பெருமையாவது புதிதன்று. லண்டனில் தேம்ஸ் நதிமீது, பட்னி முதல் மோர்ட்லேக் வரை 6.8 கிலோமீட்டர் தொலைவுக்கு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் போட்டி 1829-இல் பிறந்தது.

2012 ஏப்ரல் 7 அன்று, தொலைக்காட்சி வழியே நாடே பார்த்திருக்க, படகுகளின் பாதையில் ஒரு மனிதத் தலை தென்பட்டது. நடுவர் போட்டியை நிறுத்தினார். நீந்தி வந்தவர் டிரென்டன் ஓல்ட்ஃபீல்டு என்னும் ஆஸ்திரேலியர். உயர்குடியினரின் சலுகைகளை எதிர்த்தே நீரில் இறங்கியதாகக் கூறினார். போட்டி மீண்டும் தொடங்கியதும் படகுகள் உரசின, ஆக்ஸ்போர்டின் துடுப்பொன்று முறிந்தது, கேம்பிரிட்ஜ் வென்றது. தோற்ற படகில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தார்.

மாதக்கணக்கில் உடலை வருத்திப் பயின்ற இளைஞர்களுக்கு இழைத்த அநீதி இது என்றனர் பலர். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் பொதுத் தொல்லை விளைவித்த குற்றத்திற்காக நீதிமன்றம் 6 மாதச் சிறை விதித்ததும் வழக்காடும் பொருளே மாறிற்று: செயல் தவறாயினும் தண்டனை அளவானதா? 2013-இல் அரசாங்கம் அவரை நாட்டைவிட்டே அனுப்ப முற்பட்டது. அவருக்காகப் பரிந்து மடல் எழுதியவர்கள் யார்? கேம்பிரிட்ஜின் ஆசிரியர்களும் மாணவர்களுமே! அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில் வென்று, அவர் அங்கேயே தங்கினார்.