என்ன உறவு?

பங்குனியிலிருந்து எங்கள் மாடி அறையில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தங்கியிருக்கிறாள். வந்த அன்று அவள் கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் இரண்டு சுடிதார், பிளஸ் டூ மார்க் ஷீட். அறுந்த செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தாள். வீட்டை விட்டு ஏன் வந்தாள் என்பது அவளே சொல்ல வேண்டிய கதை, அதை நான் எழுத மாட்டேன். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "யாரு அது, உங்களுக்கு என்ன உறவு?"

நான் இருப்பது திருவல்லிக்கேணியில், ஐஸ் ஹவுஸ் பக்கம். இதே கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ஆளான வீடு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அதுதான் ஐஸ் ஹவுஸ்; இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் பத்திரப்படுத்த 1842இல் கட்டியது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார் என்பது ஊருக்கே தெரியும். பின்னால் அங்கே வாழ்ந்த பெண்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

அந்தக் கதை எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் ஆரம்பிக்கிறது. ஆர்.எஸ். சுப்புலட்சுமிக்குப் பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே புருஷன் போய்விட்டான். அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளுக்கு மொட்டை அடிக்கவும் இல்லை, அவளை மூலையில் உட்கார வைக்கவும் இல்லை, படிக்க வைத்தார். 1911இல் சுப்புலட்சுமி பி.ஏ. முடித்தார். மறு வருஷமே தன்னைப் போன்ற பிராமண விதவைச் சிறுமிகள் சிலரை வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார்.

சேர்த்துக்கொண்டார் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம். அந்த வீட்டில் உலை வைத்தது யார்? சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள். அவரும் சின்ன வயதில் விதவையானவர். ஒருவேளைச் சாப்பாடு, நார்மடி, சுபகாரியம் நடக்கிற இடத்தில் தலைகாட்டக் கூடாது என்று வளர்ந்த பெண்கள் வந்து சேருவார்கள். அவர்களைப் பந்தியில் உட்காரவைத்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். வரலாறு எழுதுகிறவர்கள் வாலாம்பாளை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பெண்கள் கூடக்கூட வீடு மாறியது. 1917இல் ஐஸ் ஹவுஸை அரசு வாங்கியது. விடுதி கடற்கரைக்கு வந்தது. கொஞ்ச தூரத்தில் 1914இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி. மூலையில் கிடந்த பெண்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே படிக்கப் போனார்கள், டீச்சராகித் திரும்பினார்கள். சுப்புலட்சுமியை ஊரே 'சிஸ்டர்' என்றது. வாலாம்பாள் எல்லோருக்கும் 'சித்தி'.

ஆனால் அந்தக் கதவு பிராமணப் பெண்களுக்கு மட்டும்தான் திறந்தது. மடி ஆசாரம் தவறாது என்ற உறுதி இல்லாவிட்டால் எந்த அப்பாவும் மகளை அனுப்பியிருக்க மாட்டார் என்பது சுப்புலட்சுமியின் கணக்கு. அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. அதனால் வெளியே நின்றவர்களையும் என்னால் மறக்க முடியவில்லை.

அவர்களில் சிலர் 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவரும் சுப்புலட்சுமி பிறந்த அதே 1886இல் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் போராடியவர். கோயில் ஊழியத்தோடு பிணைந்திருந்த மானிய நிலத்தை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1929இல் வந்தது. முழுத் தடை 1947 வரை காத்திருந்தது. தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் எதிர்த்ததும் உண்டு. பிழைப்பும் கலையும் சேர்ந்து போகுமே என்ற அவர்கள் பயத்தை லேசாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் வெளியே வா என்கிறது. வந்தவள் அன்று ராத்திரி எங்கே படுப்பாள்? தேவதாசிக் குடும்பத்துப் பெண்களைப் பிராமண விடுதியும் சேர்க்கவில்லை, பிராமணரல்லாதார் விடுதியும் சேர்க்கவில்லை. முத்துலட்சுமி தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கணவர் சுந்தர ரெட்டி, இரண்டு பிள்ளைகள், வைத்தியத் தொழில் எல்லாம் இருந்த வீடு அது. அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. 1936இல் அடையாறுக்குப் போனது. அங்கே வளர்ந்த பெண்கள் நர்ஸாக, ஆசிரியையாக வெளியே வந்தார்கள். தர்மகர்த்தா, கட்டடம், பெயர்ப்பலகை எல்லாம் பிறகு வந்தவை. முதலில் இருந்தவை ஒரு பாயும் தலையணையும், கூடுதலாக ஒரு தட்டும்தான்.

எங்கள் வீட்டிலும் முதல் வாரம் அந்தத் தட்டுதான் பெரிய விஷயமாக இருந்தது. நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும், நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வருவாள். தன் தட்டை மட்டும் கழுவித் தனியாக, ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைப்பாள். நான் எதுவும் சொல்லவில்லை. தினமும் அதை எடுத்து மற்றத் தட்டுகளோடு அலமாரியில் அடுக்கினேன். இப்போது அவளே அடுக்குகிறாள்.

போன வாரம் நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பினாள். பாதுகாவலர் பெயர் என்ற இடத்தில் என் பெயரைக் கேட்டுக்கொண்டு எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் 'உறவுமுறை' என்று இருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது.

"ஆன்ட்டி, இதுல என்ன போடட்டும்?"

"சித்தின்னு போடு" என்றேன்.