எல்லை தாண்டிய சான்று: இரண்டு ஊட்டச்சத்துத் திட்டங்களும் தாக்க மதிப்பீடும்

உலக வங்கிக் கடனில் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு வழங்கும் வழக்கத்திலிருந்து விலகியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டார்கள். எடை ஏறாமல் நின்றவர்களுக்கும் மிக மெலிந்தவர்களுக்கும் மட்டும் சில மாதங்கள் கூடுதல் உணவு தரப்பட்டது, தேறியதும் நிறுத்தப்பட்டது. கூடவே தாய்மாருக்கு உணவூட்டல் பற்றிய அறிவுரை. கடும் ஊட்டக்குறைவு குறைந்தது என்றன மதிப்பீடுகள். திட்டம் முன்மாதிரி ஆயிற்று. 1995இல் வங்கதேசம் அதே வார்ப்பில் தன் திட்டத்தைத் தொடங்கியது.

அங்கே கணக்கு ஒத்துவரவில்லை. திட்டப் பகுதியில் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தது உண்மைதான். ஆனால் 1990களில் வங்கதேசம் முழுவதுமே குழந்தைகளின் ஊட்டநிலை மேம்பட்டுவந்தது. திட்டம் எட்டாத ஊர்களோடு ஒப்பிட்ட சேவ் த சில்ட்ரன் அமைப்பின் பிரிட்டன் கிளை, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2003இல் அறிவித்தது. உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுத் துறையும் 2005இல் தாக்கம் சிறிதே என்றது. கடன் கொடுத்தவரே இப்படி எழுதுவது அரிது. அதற்காகவே அந்த அறிக்கை படிக்கத்தக்கது.

அத்துறை கண்ட காரணங்கள் பல. அறிவுரை தாய்க்குப் போயிற்று. சந்தைக்குப் போனவர்களோ பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பங்களில் யாருக்கு எவ்வளவு என்பதை மாமியார் தீர்மானித்தார். மையத்தில் கொடுத்த உணவில் ஒரு பகுதி பிறர் வயிற்றுக்குப் போனது, அல்லது வீட்டுச் சோற்றுக்கு ஈடாயிற்று. சான்றுசார் கொள்கை பற்றி நான்சி கார்ட்ரைட்டும் ஜெரமி ஹார்டியும் 2012இல் வெளியிட்ட நூலுக்குப் பின் இவற்றுள் மாமியார் கதையே பரவலாகப் பேசப்படுகிறது. அது அளவுக்கு மீறிச் செதுக்கப்பட்ட கதை என்பது என் கருத்து. எல்லா வீட்டிலும் மாமியார் இல்லை. உணவு கைமாறிப் போவதற்கு மாமியார் இருந்தாக வேண்டியதும் இல்லை.

தமிழ்நாட்டின் வெற்றியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்கும் சோறு போட்டது. இரண்டிலிருந்து மூன்று வயது வரை இரு திட்டங்களும் ஒரே குழந்தையைத் தொட்டன. ஒப்பிட வைத்திருந்த பகுதிகளிலும் சத்துணவு நுழைந்தது. அதனால் எது எதன் விளைவு என்று பிரிப்பது கடினமாயிற்று.

நம் வாதம் தொடங்குவது இங்கேதான். தமிழ்நாட்டுத் திட்டம் வெறும் ஊகத்தில் பிறந்ததல்ல. அமெரிக்க உதவியில் நடந்து 1973இல் முடிந்த தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு அதற்கு அடித்தளம். மூன்று வயதுக்குட்பட்டவர்களை அன்றைய உணவுத் திட்டங்கள் எட்டவில்லை, வறுமையோடு ஊட்டும் பழக்கமும் சேர்ந்தே குழந்தையை மெலிய வைக்கிறது என்ற முடிவுகள் இந்த மண்ணின் வீடுகளிலிருந்து திரட்டியவை. வங்கதேசத்துக்குப் போனது எடைத்தராசும் வளர்ச்சி அட்டையும். அவற்றுக்கு வழிசெய்த கேள்விகள் அதே அக்கறையோடு போகவில்லை. சான்று என்று பெயர்த்தெடுக்கப்பட்டது, ஒரு விடையின் வடிவம் மட்டுமே.

திட்டம் பெறுவோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து மற்றவர்களோடு ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனைகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்பார் உண்டு. இத்தகைய சோதனைகளைப் பரப்பிய பானர்ஜி, டூஃப்ளோ, கிரெமர் மூவரும் 2019இல் பொருளியல் நோபல் பெற்றபின் அந்த நம்பிக்கை வலுத்துள்ளது. தமிழ்நாட்டில் அப்படியொரு சோதனை நடந்திருந்தால் சத்துணவின் குழப்பம் ஓரளவு தீர்ந்திருக்கும். வங்கதேசத்தில் சந்தைக்குப் போவது யார் என்பதை அது சொல்லியிருக்காது. அதைச் சொல்ல, கடன் கையெழுத்தாகும் முன்னரே வீட்டளவிலான ஆய்வுக்குத் தனி நிதி வேண்டும். உணவு கைமாறுவதை மட்டும் அதுவும் முன்கூட்டிப் பிடிக்காது. மையம் திறந்து உணவு வரத் தொடங்கிய பிறகே வீட்டார் தம் பங்கீட்டை மாற்றுகிறார்கள். ஆகவே அந்தக் கண்காணிப்பு திட்டம் நடக்கும்போதே, எடைபோடும் வேலையோடு சேர்ந்து நடந்தாக வேண்டும்.