பெசன்ட் நகர் ராத்திரி நடை

பெசன்ட் நகர் பீச்னா நம்மாளுங்களுக்கு சுண்டலும் பஜ்ஜியும்தான் ஞாபகம் வரும். அதே மணல்ல நடுராத்திரி நடக்குற ஒரு கூட்டத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

1970களின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணை அமைச்ச ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்ற சிலர் இந்த நடையை ஆரம்பிச்சாங்க. தேடினது பங்குனி ஆமைகளின் முட்டைகளை. ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இருக்கும். அப்படியே விட்டா நாய் தோண்டித் தின்னுடும். தப்பிப் பொரிக்கிற குஞ்சுங்க, கடலோட வெளிச்சம்னு நினைச்சு தெருவிளக்கைப் பார்த்து ஊர்ந்து போய்ச் செத்துடும்.

பிறகு வனத்துறை சில வருசம் பொரிப்பகம் நடத்தி நிறுத்தியது. 1988ல் மாணவர்களே ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினாங்க. சம்பளமெல்லாம் கிடையாது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடை. தடம் பார்த்து, குச்சியால மணலைக் குத்திக் குழியைக் கண்டுபிடிச்சு, முட்டைகளைப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கணும். ஒன்றரை மாசம் கழிச்சு குஞ்சுகளைக் கடல்ல விடணும்.

இதனால என்ன பலன்னு கேக்கலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில மாட்டினா, மூச்சுவிட மேலே வரமுடியாம மூழ்கிடும். கரையில காப்பாத்தினது கடல்ல போகுது.

ஆனாலும் நடை நிக்கலை. பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிட வர பத்து வருசத்துக்கு மேல ஆகும். கடல்ல விட்ட மாணவர் அப்போ வேற ஊர்ல வேலையில இருப்பார். அந்த ஆமையோட தடத்தைத் தேடப்போறது, அவர் பேர்கூடத் தெரியாத இன்னொரு மாணவர்.