வேலிக்குள் எஞ்சிய புதர்க்காடு

1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அதன் கைக்கு வந்தது ஏறத்தாழ 365 ஏக்கர் புதர்க்காடு. அங்கே இயற்கை ஆர்வம் உயிரியல் துறைகளின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. வளாகத்தில் மரம் வளர்த்த எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர்; வளாகத்து உயிர்களைக் கவனித்து எழுதிய கிஃப்ட் சிரோமணி புள்ளியியல்காரர். வளாகப் பறவை நோக்கலை வகுப்பறையின் நீட்சியாகக் காண்பவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை. புறநகர் நெருக்கியபோதும் மனை போடப்படாமல் நின்ற நிலமே பறவை நோக்கலை வளர்த்தது.

வளாகம் நட்டு வளர்த்த தோப்புதானே, அங்கே மாணவர்கள் கூடி நடந்து எழுதும் பறவைப் பட்டியலுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. புதுமுகங்கள் அக்காக்குயிலை வைரி என்று எழுதிவிடுவார்கள் (அனுபவசாலிகளும்தான்). ஆனால் கூட்டமாக நடக்கையில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் அங்கேயே மறுக்க முடிகிறது. தோப்பு என்ற குறையோ உண்மையில் ஆதாயம். மரம் அடர அடர, திறந்த தரையை நாடும் கௌதாரியும் ஆள்காட்டியும் ஒதுங்கும். குக்குறுவானும் மாங்குயிலும் இடம்பிடிக்கும். ஒரே பாதையில் ஆண்டுக்கணக்கில் நடந்தவர்களின் குறிப்பில்தான் இந்த மெதுவான மாற்றம் பதியும். 2015இல் இந்திய அளவில் தொடங்கிய வளாகப் பறவைக் கணக்கெடுப்பு பல கல்லூரிகளைப் பறவை நோக்கலுக்குள் இழுத்தது, நல்லதுதான். ஆனால் பிப்ரவரியில் நடக்கும் அதன் சில நாள் கணக்கு, மழைக்காலத்தையொட்டி வலசை வரும் ஆறுமணிக்குருவி எப்போது வந்திறங்கியது என்பதைச் சொல்லாது. அதற்கு வாராவாரம் நடக்க வேண்டும்.