இருபத்து நான்கில் இரண்டு: திருமுண்டியம் சபையும் கணக்குக் கேட்கும் உரிமையும்

சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் 7-ஆம் ஆட்சியாண்டில் அரசனின் அதிகாரி ஒருவர் திருச்சானூரில் அமர்ந்து திருவேங்கடமுடையான் கோயில் காரியங்களை விசாரித்தார். திருமுண்டியம் சபையார் கோயிலிடம் 23 பொன் பெற்றுக்கொண்டு, கற்பூர விளக்கு ஒன்று உட்பட 24 விளக்குகள் எரிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். எரிந்தவை இரண்டே. அந்த 23 பொன்னையும் கோயிலின் ஸ்ரீபண்டாரத்தில் சேர்க்க வேண்டும், இனி விளக்குகளைப் பண்டாரத்திலிருந்து தேவகன்மிகளே (கோயில் நிர்வாகிகளே) எரிக்க வேண்டும் என்பது அதிகாரியின் ஆணை. திருமலை திருப்பதி தேவஸ்தான சாசனங்களை ஆராய்ந்து சாது சுப்பிரமணிய சாஸ்திரி 1930-இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்தே இதைக் கூறும் சாசனம் ஆய்வுலகம் அறிந்ததுதான். கோயில் வரலாற்றின் ஒரு துணுக்காகவே இதைப் பெரும்பாலும் எடுத்தாண்டிருக்கிறார்கள். ஊராட்சி அமைப்பு ஒன்று வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொல்ல நேர்ந்த நிகழ்வாக இதைப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படிப் படித்தால் சோழர் கால உள்ளாட்சி பற்றி வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி தீட்டிய சித்திரத்தில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டியிருக்கும்.

திறமை மிக்க அதிகார வர்க்கமும் உயிர்ப்புள்ள ஊர்ச்சபைகளும் ஒன்றுக்கொன்று துணைநின்று, இந்து அரசுகள் எட்டிய நிர்வாகத் திறத்திலும் தூய்மையிலும் ஒருவேளை மிக உயர்ந்த நிலையைச் சோழர் ஆட்சி எட்டியது என்பது நீலகண்ட சாஸ்திரியின் முடிவு. அச்சபைகள் மக்களிடையே குடிமை உணர்வை வளர்த்தன என்றும் அவர் கருதினார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சோழர் வரலாற்று ஆய்வுகளிலும், 1935-லும் 1937-லும் இரு பகுதிகளாக வந்த சோழர் வரலாற்றிலும் இந்தச் சித்திரம் உருப்பெற்றது. பின்னால் பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் அதிகார வர்க்கம் என்ற பாதியைக் கேள்விக்குள்ளாக்கினார். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சாசனச் சொற்களை எண்ணிக்கையாகத் தொகுத்துச் சோழ அரசின் அமைப்பை மறுபடி வரைந்தார்கள். ஆனால் ‘தூய்மை’ என்ற சொல்லை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. பள்ளிப் பாடநூல் முதல் 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பிரதமர் ஆற்றிய உரை வரை ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூர் பெருமிதத்தின் அடையாளமாகவே நிற்கிறது.

உத்திரமேரூருக்கே முதலில் போவோம். முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (பொ.ஆ. 919, 921) இரு சாசனங்களின் பொதுச் செய்திகள் வாசகர் அறிந்தவை: 30 குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6, 360 நாள் பதவி, குடத்தில் பெயர் ஓலையிட்டு எடுக்கும் குடவோலை முறை. இவற்றைத் திரும்ப விவரிக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்பதே நமக்கு முக்கியம். வயது வரம்பு 30–60 என்பதிலிருந்து 35–70 ஆனது. தகுதியிழப்புப் பகுதி நீண்டது. 921 சாசனத்தின்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குக் குடவோலை இல்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவன், சகோதரியின் மக்கள், தாயின் சகோதரிகள் பெற்ற மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என உறவுமுறை ஒன்றுவிடாமல் அடுக்கி, அவர்கள் பெயரையும் ஓலையில் எழுதக்கூடாது என்கிறது. கணக்கு எழுதுபவனுக்கும் தனி விதி உண்டு. தன் கணக்கைப் பெருமக்கள் முன் காட்டி நேர்மையானவன் என்று தெளிந்த பிறகே அவன் மறுபடி அப்பொறுப்புக்கு வரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்புவிக்க வேண்டும். இன்னொரு கணக்கனைக் கொண்டு அதை முடிக்கக் கூடாது.

இரண்டாண்டு அனுபவத்தில் கண்ட குறைகளை நீக்க, சபை தன் விதிகளைத் தானே செம்மைப்படுத்திக்கொண்டது என்பது நீலகண்ட சாஸ்திரியின் வழிவந்த வாசிப்பு. இதை நான் முழுதாக மறுக்கவில்லை. ஆனால் என்ன குறை என்று அந்த வாசிப்பு கேட்காமல் போய்விட்டது. மாமன் மகனையும் சகோதரியின் கணவனையும் பெயர்சொல்லி விலக்கும் விதியை எவரும் ஏட்டறிவைக் கொண்டு முன்யோசனையாக எழுதுவதில்லை. ஒருவர் கணக்குக் காட்டாமல் விலகுகிறார். விதிப்படி மூன்றாண்டு கழியும்வரை அவர் திரும்ப வரமுடியாது. அந்த இடைவெளியில் மைத்துனன் வருகிறான், பழைய கணக்கு மூடியே கிடக்கிறது. இப்படி நடந்து, ஊர் மனம் கொதித்த பிறகுதான் இப்படிப்பட்ட பட்டியல் எழுதப்படும். வேறொரு கணக்கனைக் கொண்டு கணக்கை முடிக்கலாகாது என்ற விதியும் அப்படியே. யாரோ அப்படி முடித்திருக்கிறார்கள். ஆக, இந்த விதிகள் ஊழலோடு போராடியதற்குச் சாட்சி. தூய்மைக்குச் சாட்சியாக அவற்றைக் கொள்வது, மருந்துச் சீட்டை ஆரோக்கியச் சான்றிதழாக வாசிப்பதாகும்.

இரண்டாவது, யாருக்குக் கணக்கு? உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊர். பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறைகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு ஆகியவை இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். அந்த ஊரில் உழுதவருக்கும், ஏரிக்கரைக்கு மண் சுமந்தவருக்கும், பெண்களுக்கும் கணக்குக் கேட்க இடமில்லை. வாரியம் சபைக்குக் கணக்குக் காட்டியது. சபை தனக்கே காட்டிக்கொண்டது. இரு சாசனத் தீர்மானங்களும் அரசனின் ஆணைப்படி, அரச அதிகாரி உடனிருக்க எடுக்கப்பட்டவை. குடிமை உணர்வு என்று நீலகண்ட சாஸ்திரி சொன்னது அந்த நிலவுடைமைக் குழுவுக்குள் இருந்த உணர்வு. அது பொய்யல்ல. ஆனால் அது ஊர் முழுவதற்கும் உரியதாக இருக்கவில்லை.

இனித் திருமுண்டியத்துக்கு வருவோம். திருச்சானூரை அடுத்த யோகிமல்லவரமே பழைய திருமுண்டியம் எனக் கொள்வது வழக்கம். இராசேந்திரன் இளவரசுப் பட்டமேற்ற 1012-இலிருந்து எண்ணினால் விசாரணை 1019 வாக்கில் நடந்தது. 1014-இலிருந்து எண்ணினால் இரண்டாண்டு தள்ளிப்போகும். முதற்கணக்கே பெருவழக்கு, நானும் அதையே ஏற்கிறேன். பொன் எந்த ஆண்டில் சபையின் கைக்கு வந்தது என்பதை இச்சாசனத்தைக் கொண்டு நிறுத்த முடியவில்லை. எனவே 22 விளக்குகள் எத்தனை ஆண்டுகள் எரியாமல் கிடந்தன என்ற கேள்வி திறந்தே நிற்கிறது.

சபையார் பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். ஒரு நந்தாவிளக்குக்கு (அணையா விளக்குக்கு) 96 ஆடு விடுவது சோழர் கால வழக்கம். இங்கே 24 விளக்குக்கு 23 பொன், விளக்கொன்றுக்கு ஒரு பொன்கூடத் தேறாது. பகலும் இரவும் எரியும் விளக்குகளாக இவை எல்லாம் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அவற்றுள் ஒன்று கற்பூர விளக்கு. நல்ல கற்பூரம் சுமத்திராவின் பாரூசிலிருந்து கடல் கடந்து வந்த காலம் அது. முதலின் வட்டி செலவுக்குப் போதவில்லை என்று சபை சொல்லியிருக்கலாம். ஆனால் போதாமை விளக்குகளில் ஒரு பங்கு குறைவதற்குத்தான் சமாதானம் ஆகும். இருபத்து நான்கு இரண்டாகச் சுருங்கியதற்கு ஆகாது. அதிகாரியின் ஆணையும் அப்படித்தான் பார்க்கிறது. அதே 23 பொன்னைக் கொண்டு, அதே விளக்குகளைத் தேவகன்மிகள் எரிக்க வேண்டும் என்கிறது. முதல் போதும் என்பதே அதன் பொருள்.

சாசனம் சொல்லாமல் விடுவது இன்னொன்று: குறையைச் சொன்னவர் யார்? இதில் என் வாதம் மெல்லிய சான்றின்மேல் நிற்கிறது, ஆயினும் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். வேலூர்ப் பக்கத்துத் திருவல்லத்தில் இதற்கு முன்னோடி நிகழ்வு ஒன்று உண்டு. முதலாம் இராசராசன் காலத்தில் கோயில் காரியங்களைக் கண்காணித்த ஸ்ரீகாரியம் மதுராந்தகன் கண்டராதித்தர் ஆயிரம் குடம் நீராட்டச் சென்றபோது, திருவமுது வேளைக்கு இரண்டு நாழி அரிசியாகச் சுருங்கியிருப்பதையும், கறியமுதும் நெய்யும் தயிரும் நின்றுபோனதையும், நந்தாவிளக்குகள் கவனிப்பாரற்றுக் கிடப்பதையும் தாமே கண்டார். கோயிலாரையும் ஊராரையும் அழைத்து வரவு செலவைச் சொல்லச் சொன்னார். கண்ணால் கண்டதிலிருந்து கணக்குக்குப் போன விசாரணை அது. திருமுண்டிய வழக்கில் அதிகாரி விசாரித்தது மலையடிவாரத்துத் திருச்சானூரில். விளக்குகள் எரியவேண்டியது திருவேங்கடவன் சந்நிதியில். அங்கே நாளும் விளக்கைப் பார்த்தவர்கள் பூசை செய்தோரும் பணியாளரும் மலையேறி வந்த அடியாரும்தான். விளக்கு எரிகிறதா என்று அறிய ஓலையைப் புரட்ட வேண்டியதில்லை. அவர்களில் யாரோ சொல்லாமல் இந்தக் குறை அதிகாரியின் காதுக்கு எட்டியிருக்காது. ஆட்சிமுறைச் சோதனையில் தற்செயலாக அகப்பட்டது என்று ஒருவர் வாதிடலாம். அப்படியானாலும் ‘எரிவது இரண்டு’ என்ற எண்ணிக்கையை யாராவது சாட்சியாகச் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பெயரற்ற சாட்சி கண்ணாகப் பயன்பட்டார். கேள்வி கேட்கும் நிலை அவருக்கு இல்லை. கேட்டது அரசன், கேட்கப்பட்டது தெய்வத்தின் பெயரால்.

தீர்ப்பின் தன்மையும் கவனிக்கத்தக்கது. சாசனம் வலியுறுத்துவது தண்டத்தை அல்ல. பணமும் பொறுப்பும் சபையின் கையிலிருந்து கோயில் பண்டாரத்துக்கு மாறின. தவறிய உள்ளாட்சியைத் திருத்துவதற்குப் பதிலாக, அதன் பொறுப்பைப் பறித்து மேலமைப்பிடம் கொடுப்பது இன்றும் அரசுகளுக்கு மிகப் பழகிய வழி. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சியை வைத்துக்கொண்டே தண்ணீருக்கு ஒரு வாரியம், வளர்ச்சிக்கு ஒரு ஆணையம் என்று எடுத்துக்கொண்டே போவதன் விளைவு, எவரிடம் கேட்பது என்று குடிமக்கள் திகைப்பதுதான்.

குடிமக்களே கேட்கும் நிலை எப்போது வந்தது என்ற கேள்விக்கு, இதே நிலப்பகுதியில் ஒரு விடை கிடைக்கிறது. திருச்சானூருக்குத் தென்கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையில் ஊத்துக்கோட்டைக்கு அருகில் இருக்கிறது சத்தியவேடு. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தால் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்துக்குப் போனது. சித்தூர் மாவட்டத்தில் இருந்து 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் முதற்கட்டத்திலேயே, 2006-இல், சித்தூர் மாவட்டம் இடம்பெற்றது. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு பணிகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்றது. ஒருங்கிணைந்த ஆந்திரம் இதற்கென 2009-இல் தனி அமைப்பையே நிறுவியது. ஊர் இளைஞர்கள் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். ‘உன் பெயரில் இத்தனை நாள் கூலி எழுதியிருக்கிறது, வாங்கினாயா?’ என்று கேட்பார்கள். வெட்டிய குளத்தை நாடா பிடித்து அளப்பார்கள். முடிவை மண்டலப் பொதுவிசாரணையில் அதிகாரிகள் முன் உரக்கப் படிப்பார்கள். ஏட்டில் இருபத்து நான்கு, கண்ணில் இரண்டு என்ற அதே ஒப்பீடுதான். சாட்சியின் பெயர் இப்போது பதிவாகிறது. அவரே கேட்கவும் செய்கிறார். ஆயிரமாண்டு இடைவெளியில் நேர்ந்த உண்மையான வளர்ச்சி இது என்பேன். குறை உண்டு: கண்டறிந்த தொகையில் திரும்ப வசூலானது சிறிதளவே. 23 பொன்னைத் திரும்பக் கட்டவைத்த சோழ அதிகாரியின் வேகம் இங்கே இல்லை.

கணக்குக் காட்டாதவரை விலக்கிய உத்திரமேரூர் விதியின் நிழலும் இன்றைய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் உண்டு. தேர்தல் செலவுக் கணக்கைத் தக்க காரணமின்றித் தாக்கல் செய்யாத வேட்பாளரைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகள் தகுதியிழக்கச் செய்யலாம் என்கிறது 10அ பிரிவு. உறவினர் பட்டியல் அதில் இல்லை. ஒருவர் பிழைக்கு அவர் மருமகனைத் தண்டிப்பதை இன்றைய சட்டவறம் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய சாசனங்கள் நம்மை முந்துகின்றன. உத்திரமேரூரிலும் திருமலையிலும் சபையின் விதியும் பிழையும் அந்த வட்டாரத்து மொழியான தமிழில், கோயில் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி வெட்டப்பட்டன. எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி. மறைக்கப்படவில்லை என்பது உறுதி. சத்தியவேட்டுப் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். ஊராட்சியின் கணக்கும் அறிவிப்பும் தெலுங்கில். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, தானே முன்வந்து வெளியிட வேண்டிய தகவல்களை அந்தப் பகுதியின் மொழியைக் கருத்தில் கொண்டு பரப்ப வேண்டும் என்று 4(4) பிரிவில் சொல்கிறது. அடுத்த கிராம சபையில் அந்தப் பிரிவைச் சுட்டி, ஆண்டு வரவு செலவை ஊராட்சி அலுவலகச் சுவரில் தெலுங்கோடு தமிழிலும் எழுதி வைக்கும்படி அப்பகுதி மக்கள் தீர்மானம் கேட்க வேண்டும்.