எழுத்தைக் கலைத்துப் போட்டால் சொல் வருமா? பஸ்ராவிலிருந்து நியூயோர்க் வரை ஒரு வரலாறு

ஆறேழு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, "இவற்றைக் கொண்டு எத்தனை சொற்கள் அமைக்கலாம்?" என்று கேட்பது வகுப்பறையில் பழைய பயிற்சி. இப்போது பிள்ளைகள் அந்த எழுத்துகளை ஃபோனில் அடிக்கிறார்கள். இரண்டு செக்கனில் முப்பது சொற்கள் வந்து விழுகின்றன. அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒரு சொல்லைக் காட்டி "இதற்கு என்ன கருத்து?" என்று கேட்டால் பதில் இல்லை.

ஃபோனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எழுத்துகளிலிருந்து சொல் தேடும் இந்த வேலைக்கு ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெளிவாகும்.

ஓமானில் பிறந்து, ஈராக்கின் பஸ்ராவில் வாழ்ந்தவர் இமாம் கலீல் இப்னு அஹ்மத் அல்-ஃபராஹீதி. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டு, அதாவது கி.பி. 8ஆம் நூற்றாண்டு அறிஞர். அரபுக் கவிதையின் யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே. அரபு மொழியின் எல்லாச் சொற்களையும் ஒரு நூலுக்குள் கொண்டுவர அவர் விரும்பினார். ஆனால் ஒன்றும் விடுபடவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

காதில் விழுந்ததை மட்டும் எழுதிக்கொண்டு போகாமல், அவர் கணக்குப் போட்டார். இரண்டு எழுத்துகளை 2 விதமாக அடுக்கலாம். மூன்று என்றால் 6 விதம், நான்கு என்றால் 24, ஐந்து என்றால் 120. இப்படி ஒவ்வொரு எழுத்துக் கூட்டத்தையும் எல்லா விதமாகவும் மாற்றிப் பார்த்தால் ஒரு சொல்லும் தப்ப முடியாது. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் 'ஐன்' எழுத்திலிருந்து தொடங்கியதால் அந்த அகராதிக்கு 'கிதாபுல் ஐன்' என்று பெயர் வந்தது.

நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் பார்ப்போம். காஃப், லாம், பா என்ற மூன்று எழுத்துகள். இந்த வரிசையில் வந்தால் 'கல்பு', உள்ளம். காஃப், பா, லாம் என்று மாற்றினால் நாம் தொழுகைக்கு முன்னோக்கும் 'கிப்லா'வும், நிக்காஹ் மஜ்லிஸில் சொல்லும் 'கபூல்' என்ற சொல்லும் அந்த வேரில்தான். லாம், காஃப், பா என்றால் 'லகப்', பட்டப்பெயர். பா, காஃப், லாம் என்றால், வளைகுடாவில் வேலை செய்து வந்தவர்கள் நன்றாக அறிந்த 'பகாலா', மளிகைக் கடை. மூன்றே எழுத்துகள், எத்தனை உலகங்கள்!

ஆனால் இமாம் கலீல் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு அடுக்கையும் இரண்டாகப் பிரித்தார். மக்கள் பாவிப்பது 'முஸ்தஃமல்'. எழுத்துக் கணக்கில் வந்தாலும் யாரும் பாவிக்காதது 'முஹ்மல்'. எது எந்தப் பக்கம் என்பதைக் கணக்கு சொல்லாது. அரபிகளின் பேச்சும் கவிதையும்தான் சொல்லும். கணக்கு வாசல் வரை கூட்டிக்கொண்டு போகும். உள்ளே போக மொழி தெரிய வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி இன்னொரு வழியில் எழுத்துகளை எண்ணினார். ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணினால், மறைத்து எழுதிய இரகசியக் கடிதத்தையும் வாசிக்கலாம் என்று காட்டினார்.

ஆங்கில எழுத்துகளை இப்படி உட்கார்ந்து எண்ணிய ஒருவரின் கதை அமெரிக்காவில் நடந்தது. அல்ஃப்ரெட் பட்ஸ் நியூயோர்க்கில் கட்டடக் கலைஞராக இருந்தவர். பொருளாதாரப் பெருமந்த காலத்தில், 1931இல், அவருக்கு வேலை போனது. கையில் வேலையில்லாத அந்த நாட்களில் ஒரு சொல் விளையாட்டு அமைக்க நினைத்தார். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் முதற் பக்கத்தை எடுத்து, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கையால் எண்ணினார்.

அதன் விளைவுதான் ஸ்க்ரபிள். 100 வில்லைகளில் 'ஈ' எழுத்துக்கு 12 வில்லைகள், 'ஏ', 'ஐ' இரண்டுக்கும் 9 வீதம். அரிதாக வரும் 'கியூ', 'இசட்' ஒவ்வொன்றுக்கும் ஒரே வில்லை, ஆனால் 10 புள்ளி. 'எஸ்' ஆங்கிலத்தில் நிறைய வரும் எழுத்து. அதற்கு வேண்டுமென்றே 4 மட்டும் வைத்தார். இல்லாவிட்டால் எல்லோரும் எந்தச் சொல்லையும் பன்மையாக்கிச் சுலபமாகப் புள்ளி எடுத்துவிடுவார்கள்.

விளையாட்டுக் கம்பனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் பொறுப்பெடுத்து, ஸ்க்ரபிள் என்று பெயர் வைத்தார். முதலில் நட்டம். 1950களில்தான் சூடு பிடித்தது. பட்ஸின் மனைவி நீனா, முன்பு அவருக்குப் படிப்பித்த ஆசிரியை. விளையாட்டை உருவாக்கியது கணவர். அதில் கெட்டிக்காரி மனைவி!

இன்று ஃபோனுக்குள் நடப்பதும் இதே கணக்குத்தான். அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி வைத்துக்கொள்வது ஒரு வழி. 'லிஸன்' என்ற சொல்லையும் 'சைலண்ட்' என்ற சொல்லையும் அப்படி அடுக்கினால் இரண்டும் ஒன்றே: ஈ, ஐ, எல், என், எஸ், டீ. செவிமடுப்பதற்கும் மௌனத்துக்கும் அதே ஆறு எழுத்துகள். ஃபோனுக்கு அந்தப் பொருத்தம் தெரியாது. நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் நமக்குக் கருத்து தெரியும்.

2015இல் நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு மொழி ஸ்க்ரபிள் சம்பியனானார். பிரெஞ்சு பேசத் தெரியாமலே, ஏறக்குறைய ஒன்பது வாரங்களில் சொற்பட்டியலை மனனம் செய்து வென்றார். அபாரமான திறமைதான். ஆனால் அந்தச் சொற்களைக் கொண்டு ஒரு பிரெஞ்சுக்காரரிடம் உரையாட அவரால் முடியவில்லை. விளையாட்டுக்கு அது போதும். பரீட்சையில் கட்டுரை எழுத வேண்டிய, நாளை நேர்முகப் பரீட்சையில் வாய் திறக்க வேண்டிய நமது பிள்ளைக்கு அது போதாது.

ஆகவே பெற்றோரே, ஃபோனைப் பறிக்காதீர்கள். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். முதலில் பத்து நிமிடம் பிள்ளை தானே எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடட்டும். பிறகு ஃபோன் தரும் பட்டியலை, இமாம் கலீல் பிரித்ததைப் போல, இரண்டு நிரலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: நான் பாவிக்கும் சொல், நான் பாவிக்காத சொல். இரண்டாவது நிரலிலிருந்து ஒவ்வொரு நாளும் மூன்று சொற்களுக்குக் கருத்துத் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் எழுதினால், மாதத்துக்குத் தொண்ணூறு சொற்கள் முதலாவது நிரலுக்கு வந்துவிடும்.