மருந்தை மாற்றும் கிருமி



மருந்து கிருமியைக் கொல்வதை நாம் அறிவோம். கிருமி அந்த மருந்தையே மாற்றிப் பயனற்றதாக்கிய வரலாற்றை இன்று காண்போம். அதன் முதற்பகுதி நம் நாட்டிலேயே நடந்தது.

1947-ஆம் ஆண்டு, வெனிசுவேலா நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து குளோரம்பெனிக்கால் என்னும் மருந்து கிடைத்தது. 1948-இல் டாக்டர் ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று அம்மருந்துடன் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்கு வந்தது. புதரிலும் லாலாங் புல்லிலும் வாழும் சிற்றுண்ணி கடிப்பதால் வரும் புதர்க்காய்ச்சலுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் விரைவில் தணிந்தது. புதர்க்காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு இருந்தது டைபாய்டு என்று பின்னர் தெரிந்தது. அவரும் தேறினார்! அதுவரை டைபாய்டை முறியடிக்கும் மருந்தே இல்லை. 10 டைபாய்டு நோயாளிகளுக்கு அளித்த சிகிச்சையின் நற்பலனை டாக்டர் தியோடர் உட்வர்டு குழுவினர் அவ்வாண்டே வெளியிட்டனர்.

ஆனால் கிருமிகள் சும்மா இருக்கவில்லை. 1950-களில் ஜப்பானில், குளோரம்பெனிக்கால் உட்படப் பல மருந்துகளுக்கு மசியாத சீதபேதிக் கிருமிகள் பரவின. காரணம் என்ன? கிருமி உயிர் வாழப் புரதம் தேவை. புரதம் உருவாகும் இடத்தில் இம்மருந்து சென்று பொருந்தி, அவ்வேலையை நிறுத்திவிடும். எதிர்ப்புப் பெற்ற கிருமியோ ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்நொதி மருந்தின் மீது அசெட்டைல் என்னும் சிறு ஒட்டைச் சேர்த்துவிடுகிறது. சாவியின் பல்லில் ஒட்டுப்பால் அப்பிக்கொண்டால் அது பூட்டினுள் நுழையுமா? அதுபோல் மருந்தும் பொருந்தாமல் போகிறது. 1967-இல் வில்லியம் ஷா என்பவர் இந்த நொதியின் வேலையை விளக்கினார்.

இந்த நொதியைச் செய்யும் வித்தையைக் கிருமி தன் வாரிசுகளுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்திலுள்ள வேற்றினக் கிருமிக்கும் கொடுத்துவிடுகிறது. 1972-இல் மெக்சிகோவில் இத்தகைய டைபாய்டுக் கிருமி 10,000 பேருக்கு மேல் தாக்கியது. கோலாலம்பூரில் வென்ற மருந்து அங்கே தோற்றது.

இன்று டைபாய்டுக்குப் பெரும்பாலும் வேறு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றையும் எதிர்க்கும் கிருமிகள் தோன்றிவிட்டன. ஆகவே, டாக்டர் சொல்லாமல் இத்தகைய மருந்துகளை நாமாகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்க வேண்டாம். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்போம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்போம். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவோம். நோய் வராத வீட்டில் கிருமியின் வித்தைக்கு வேலை இல்லை.